எட்டுப் பேருக்கு ஒரு நம்பர்

தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் பிளம்பர் பெண்டாட்டி. தையல் மெஷின் வாங்கிப் போட்டபின் தையல்கார அக்கா. அரசாங்கம் எல்லாவற்றையும் போனுக்குள் கொண்டுபோய் வைத்தபிறகு நம்பர் அக்கா. இந்தக் கடைசிப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? அந்தத் தெருவில் பாதி வீட்டுக்காரர்களுக்கு அவளுடைய போன் நம்பர் தண்ணீர்பட்ட பாடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அது எப்படி நடந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் மேலிடத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். இனிமேல் எந்தக் காரியத்துக்கும் ஆள் அலைய வேண்டாம். சான்றிதழ், உதவித்தொகை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் போன் நம்பரிலேயே. நம்பரைக் கொடுத்தால் ஓடிபி வரும், ஓடிபியைச் சொன்னால் கதவு திறக்கும். நல்ல திட்டம்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மனு எழுதிக் கொடுத்தே மாடி வீடு கட்டிய புரோக்கர் ஒருத்தன், அந்த வருஷம் நாற்காலியை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டினான். அவன் போனதற்கு அந்தத் தெருவில் ஒரு பிராணிகூட வருத்தப்படவில்லை. ஆனால் திட்டம் போட்டவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அவர்கள் நினைப்பில் போன் என்பது பல் துலக்குகிற பிரஷ் மாதிரி, ஆளுக்கு ஒன்று. தெருக்காரர்கள் நினைப்பில் அது தெருக்குழாய் மாதிரி, யார் வீட்டு வாசலில் இருந்தாலும் எல்லாருக்கும்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு பிள்ளைகள் வீடு வீடாகப் பதிய வந்தார்கள். சாயங்காலத்துக்குள் இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும் என்று அவர்கள் கழுத்தை இன்னொருத்தன் பிடித்திருந்தான் போலிருக்கிறது. போன் இல்லை என்றவர்களிடம், தெரிந்தவர்கள் நம்பர் எதுவானாலும் சொல்லுங்கள் என்றார்கள். தெரிந்தவள் யார்? வாசலிலேயே மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள்தானே. எந்நேரமும் வீட்டில் இருப்பவள், கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராதவள். இஸ்திரிக்காரர் அவள் நம்பரைச் சொன்னார். காய்கறி வண்டிக்காரர் சொன்னார். மாடி வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள் சொன்னாள். அப்படியே ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர்.

ஒரு நம்பரில் எட்டுப் பேர் வரைதான் ஏற்றலாம் என்று சட்டம். ஏழு ஏறிவிட்டது. எட்டாவதாக அவளே உட்கார வேண்டிய நேரத்தில், மாவு மில்லில் வேலை பார்க்கிற பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். நம் அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க வீட்டுல ரெண்டு போன் இருக்கு. என்னை எங்க வீட்டுக்காரர் நம்பர்ல போட்டுக்கோங்க" என்று சொல்லி, தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். உள்ளே குழாய் மரையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "குடு குடு, அப்படியே வீட்டையும் எழுதிக் குடு" என்று சிரித்தார். அவருக்கு அதில் பெருமைதான்.

சிரிக்காதவள் நாத்தனார் ஒருத்திதான். வீட்டுக்காரருடைய தங்கை, கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள். சட்டைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவள் வேலை. ஊசியைவிட நாக்கு கூர்மை.

"தனக்கு மிஞ்சித்தான் தானம்னு ஒரு பேச்சு இருக்கு அண்ணி. கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றாள்.

அண்ணி கேள்விப்பட்டுத்தான் இருந்தாள். என்ன பிரயோஜனம்?

அதிலிருந்து ஓடிபி உத்தியோகம் தொடங்கியது. வருகிற ஓடிபி யாருக்கு வருகிறது என்று அதில் எழுதியிருக்காது. ஆறு எண், அவ்வளவுதான். ஒருநாள் இஸ்திரிக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் ஒரே நேரத்தில் வந்து, இவருடையதை அவரும் அவருடையதை இவரும் போட்டு, மூன்று தடவை தப்பானதும் ரெண்டு பேர் கணக்கும் ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொண்டது. ரெண்டு பேரும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் அவள் ரெண்டு சட்டம் போட்டாள். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான். இன்னொன்று, முகத்தைப் பார்த்துத்தான் நம்பர் சொல்வேன், போனில் யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். மேலிடத்துச் சட்டம் மாறிக்கொண்டே இருந்தது. அவள் சட்டம் மாறவில்லை.

வீட்டுக்காரர் போய் மூன்று வருஷமாகிறது. யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் தொட்டிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவருடைய போன் மட்டும் வீட்டுக்கு வந்தது. அதை அலமாரியில் வைத்தாள். ஊரில் பாதிச் சுவரில் அவர் நம்பரைப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுக் குழாய் ஒழுகுகிறது, தொட்டி நிறைய மாட்டேன் என்கிறது என்று அலமாரிக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்து, அவர் இல்லைங்க என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வற்றியது.

ரீசார்ஜ் தீர்ந்த அன்றைக்கு நாத்தனார்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். "பேச ஆள் இல்லாத போனுக்கு எதுக்கு அண்ணி ரீசார்ஜ்? விடுங்க" என்றாள். சட்டையில் பட்டனை வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பேச்சு அண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது. கூடப் பிறந்தவளுக்கு இவ்வளவுதானா என்று தோன்றியது. போனை விட்டுவிட்டாள்.

ஆனால் நம்பரை விடவில்லை. இதை அவள் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நாத்தனார் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, தன் போனில் அந்த நம்பரைப் போடுவாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் வரும். கொஞ்ச மாதம் கழித்து, உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அதையும் கேட்பாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும், இருந்தாலும் கேட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு வேலை ஓடும். அப்புறம் ஒருநாள் ரிங் போனது. "ஹலோ" என்றது ஓர் ஆண் குரல். அவர் குரல் இல்லை. கம்பெனிக்காரர்கள் நம்பரை எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பட்டென்று வைத்துவிட்டாள்.

வைத்தவள் அதோடு விட்டாளா? இல்லை. மனசு தாங்காத நாளில் போடுவாள். ரிங் போகும். அந்த மனிதர் ஹலோ என்பார். வைத்துவிடுவாள். ஒருதரம் அவரே திரும்பக் கூப்பிட்டபோது, போனைத் துணி மூட்டைக்கு அடியில் திணித்துவிட்டு மெஷினை வேகமாக மிதித்தாள்.

இது ஒரு பக்கம் இருக்க, கண் மங்க ஆரம்பித்தது.

முதலில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரியவில்லை. விளக்கைக் குறை சொன்னாள். அப்புறம் ஊசிக் காது தெரியவில்லை. ஊசியைக் குறை சொன்னாள். நாத்தனார் காலையிலேயே பத்து ஊசியில் நூல் கோர்த்து, மெஷின் பக்கத்துத் தலையணையில் குத்தி வைக்க ஆரம்பித்தாள். வாயால் மட்டும், "எனக்கு வேற வேலை இல்ல பாருங்க" என்று முனகுவாள். பள்ளிச் சீருடை தைக்கிற காலத்தில் ஒரு பையனுக்கு ஒரு கால் நீளமும் ஒரு கால் குட்டையுமாகப் பேண்ட் போய்விட்டது. பையன் பாவம், அன்றைக்கு முழுக்கச் சாய்ந்தே நடந்தானாம். அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது. தையல் போனால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். கண்புரை, வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது, இந்த மாதத்துப் பட்டியலிலேயே பெயர் கொடுத்து ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், தள்ளிப்போட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் பார்வை வராமல் போகலாம் என்றார். திட்டத்தில் இலவசம்தான். சேவை மையத்தில் உங்கள் பதிவை மட்டும் உறுதி செய்துகொண்டு வாருங்கள், அதற்கு ஒரு ஓடிபி வரும் என்றார்.

ஓடிபியா என்று அவள் சிரித்தேவிட்டாள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரி, என்னிடமா ஓடிபி கேட்கிறீர்கள் என்று நினைப்பு.

மறுநாள் அண்ணியும் நாத்தனாரும் சேவை மையத்துக்குப் போனார்கள். நீல பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஆடுகிற மின்விசிறி, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். நல்ல பெண். அவசரப்படாமல் தட்டினாள், திரையைப் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள்.

"உங்க நம்பர் கடைசி ரெண்டு எண் நாலு, ஒன்னுதானே அக்கா? ஓடிபி போயிருக்கு. பார்த்துச் சொல்லுங்க."

அவள் கை பைக்குள் போனது, பாதியில் நின்றது. அவள் நம்பர் அப்படி முடியாது. நாலு, ஒன்று என்று முடிவது அவருடைய நம்பர்.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பழமொழியை நாத்தனார் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாய்ப்பை விடுகிறவளும் இல்லை. ஆனால் சொல்லவில்லை. அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கவுண்டர் பெண் விளக்கினாள். நம்பரை மாற்றலாம், ஆனால் மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகும். திருட்டுத்தனமாக யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் இறப்புச் சான்றிதழோடு தலைமை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அவர்கள் சரிபார்த்து முடிக்க மூன்று மாதமாகும். மூன்று மாதமா! கண்ணை யாரிடம் கொடுத்து மூன்று மாதம் பத்திரமாக வைக்கச் சொல்வது?

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவள் நம்பரில் எட்டு இடமும் நிறைந்துவிட்டது. யாராவது ஒருவர் விலகினால்தான், தன் நம்பரிலேயே அவளுக்கு இடம். திட்டம் போட்டவனைத் திட்டுவதா, தன்னையே திட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை கேட்டிருக்கிறோம். இங்கே பூசாரி இவளேதான்.

பழைய நம்பர் இப்போது யாரிடமாவது இருந்தால் அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாமே என்றாள் கவுண்டர் பெண். உங்கள் போனிலிருந்து போடுங்கள் என்றாள். அக்கா, போனில் சார்ஜ் இல்லை என்றாள். பச்சைப் பொய், அன்று காலையில்தான் நிறையச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். அந்த மனிதர் போனில் தன் நம்பர் வந்து நின்றால், இத்தனை நாளாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வைத்த மூதேவி இவள்தான் என்று தெரிந்துபோகுமே, அதுவும் நாத்தனார் பக்கத்தில் இருக்கும்போது. சரி, நீங்கள் போடுங்கள் என்று பெண் நாத்தனாரைப் பார்த்தாள். "என் போன்ல பேலன்ஸ் இல்ல" என்றாள் நாத்தனார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. வழி முழுக்க பஸ்ஸில் யாரோடோ வளவளவென்று பேசிக்கொண்டு வந்தவள். அக்காவுக்கு அது ஒரு கணம் விநோதமாகப் பட்டது, ஆனால் தன் பொய்யையே மென்று விழுங்கிக்கொண்டிருந்ததில் விட்டுவிட்டாள்.

கடைசியில் அந்தப் பெண் மையத்துப் போனிலிருந்தே போட்டாள். அந்த மனிதர் எடுத்தார். பெண் பக்குவமாக விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். தான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதாகச் சொன்னார். போன மாதம் இப்படித்தான் ஆஸ்பத்திரி என்று ஒருத்தர் கூப்பிட்டு ஓடிபி கேட்டு, தெரிந்தவர் ஒருவரை மொட்டையடித்துவிட்டார்களாம்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. யாருக்கும் சொல்லாதேன்னு அந்த மெசேஜ்லயே போட்டிருக்கு. முகம் தெரியாதவங்களுக்கு நான் எப்படிச் சொல்றது?"

தன் சட்டத்தை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டாள் நம்பர் அக்கா. "அவர் சொல்றது சரிதாம்மா. வச்சிடு" என்றாள்.

வீடு திரும்பியதும் முதலில் இடச் சிக்கலுக்கு வழி பார்த்தாள் நாத்தனார். எட்டுப் பேரில் யார் இடத்தைக் காலி செய்வது என்று வாசலில் கூட்டம் போட்டாள். எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். இஸ்திரிக்காரர்தான் அதிகம் வருத்தப்பட்டார். என்னிடம் ஒரு போன் இருந்தால் இந்தக் கணமே விலகியிருப்பேனே, இந்தப் பாவிக்கு அது கொடுத்து வைக்கவில்லையே என்று அவர் நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த நெஞ்சிலேயே, சட்டைப் பைக்குள், மணி அடித்தது.

அது பாட்டுக்கு அடித்தது.

மகள் வாங்கிக் கொடுத்து ஒரு வருஷமாகிறதாம். கல்லுளிமங்கன் மாதிரி இருந்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று நாத்தனார் பிடித்த பிடியில் உண்மை வந்தது. சொந்த போன் இருக்கிறது என்றால், ஓடிபி வாங்குகிற சாக்கில் இங்கே வந்து உட்கார முடியாது; உட்கார்ந்தால் கிடைக்கிற டீயும் நாலு வார்த்தையும் கிடைக்காது. இதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்காவுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. இஸ்திரிக்காரர் தனி ஆள், வீட்டில் சுவரோடுதான் பேச வேண்டும். அங்கேயே அவர் தன் போனிலிருந்து பதிவை மாற்ற, விலகுவதற்கான ஓடிபி அவள் போனுக்கு வந்தது. முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "இடத்தைக் காலி பண்ணிட்டேம்மா. டீயை மட்டும் நிறுத்திடாத" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் நாத்தனார் பால் வாங்கப் போனாள். அக்கா பின்கட்டில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தாள். வெட்கம் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். எதை விடுவது? வெட்கம் இல்லாமல் தைக்கலாம், கண் இல்லாமல் தைக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன் போனிலிருந்தே அந்த நம்பரைப் போட்டாள்.

ரெண்டு ரிங்கில் எடுத்தார். இந்தத் தடவை அவர் ஹலோ என்று சொல்லவில்லை.

"நான் பேச மாட்டேன், நீங்க வைங்க" என்றார் மெதுவாக. "எப்பவும் போல."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "இல்லைங்க. இன்னைக்குப் பேசுறேன்" என்றாள்.

பேசினாள். அது வீட்டுக்காரர் நம்பர் என்பதை, அவர் போனதை, சுவரெல்லாம் அவர் எழுதி வைத்ததை, காலையில் மையத்திலிருந்து பேசியது தனக்காகத்தான் என்பதை, கண்ணை. கோர்வையாக இல்லை, முன்னும் பின்னுமாக. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அவர் பக்கத்துக் கதையைச் சொன்னார். இந்த சிம் வாங்கிய முதல் வருஷம் விடிவதற்கு முன்னாலேயே யாராவது கூப்பிட்டு, குழாய் ஒழுகுது உடனே வா என்பார்களாம். பஸ்ஸை விட்டுவிட்டுக் குழாய் வேலைக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தாராம். இவள் கூப்பிட்டு வைப்பதைப் பார்த்து அவர் மனைவி முதலில் சண்டை பிடித்திருக்கிறாள், எவ அவ என்று. அப்புறம் அந்த அம்மாளே ஒருநாள் போனை எடுத்து, இந்தப் பக்கத்து மூச்சைக் கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொன்னாளாம்: இது நம்மைத் தேடி வருகிற போன் இல்லை, போனவர் யாரையோ தேடுகிற போன், அடித்தால் எடுங்கள், பாவம், எடுக்காமல் இருக்காதீர்கள்.

"அதான் பஸ் ஓட்டாத நேரமா இருந்தா எடுத்துடுவேன். பேசாதவங்க ஒன்னுன்னு உங்க நம்பரைப் போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

இன்னும் முகம் தெரியாதே, சட்டம் இருக்கிறதே என்றாள் அவள், அழுகையோடு சிரித்துக்கொண்டு. ரெண்டு வருஷமாகத் தெரியும், இதற்கு மேல் என்ன முகம் என்றார் அவர். மறுநாள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ்ஸை ஓரம் கட்டியதும் கூப்பிடுவதாகச் சொன்னார்.

ராத்திரி நாத்தனாரிடம் அதிகம் விளக்கவில்லை. திரும்பப் பேசிப் பார்த்தேன், சொல்கிறேன் என்றார் என்றாள். எந்தப் போனில் பேசினீர்கள், என்ன பேசினீர்கள் என்று குடைந்தெடுக்க வேண்டிய நாத்தனார் எதையும் கேட்கவில்லை. பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டாள்.

காலையில் மையம் திறக்கும்போதே போய் உட்கார்ந்தார்கள். இஸ்திரிக்காரரும் துணைக்கு வருகிறேன் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இப்போது போனை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கையில் பிடித்திருந்தார். சொன்னபடி அந்த மனிதர் கூப்பிட்டார். கவுண்டர் பெண் பட்டனைத் தட்டினாள். பிறகு போனுக்குள்ளிருந்து ஒவ்வொரு எண்ணாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார் அவர். ஒவ்வொரு எண்ணாக அக்கா திருப்பிச் சொன்னாள். அந்தப் பெண் போட்டாள்.

அடுத்த நொடி அக்காவின் கையில் போன் அதிர்ந்து ஒரு மெசேஜ் வந்தது. பழக்க தோஷம், நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்து, "யாருக்கு வந்திருக்கு?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தான் அக்கா" என்றாள் கவுண்டர் பெண். "உங்க பேர்ல உங்க நம்பர் ஏறிடுச்சு. ஆஸ்பத்திரிப் பட்டியல்லயும் வந்துடுச்சு. அடுத்த வாரம் ஆபரேஷன்."

இஸ்திரிக்காரர் மூக்கை உறிஞ்சினார். அக்காவுக்கு உடம்பில் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது, இருந்தாலும் அந்த மெசேஜைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்காக வந்த நம்பர்கள் அந்தப் போனில் உண்டு. அவளுக்கென்று வந்தது இதுதான் முதல்.

போனில் அவர் இன்னும் இருந்தார். நல்லபடியாக ஆகும், கவலைப்படாதீர்கள், வீட்டில் அவளும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள் என்றார். நன்றி என்று சொல்லிவிட்டு வைக்கப் போனவளுக்கு, நேற்றிலிருந்து எங்கேயோ முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது என்னவென்று அப்போதுதான் பிடிபட்டது.

"ஒன்னுன்னு சொன்னீங்களே" என்றாள். "அப்ப ரெண்டு யாரு?"

"அது யாருன்னு தெரியலைங்க. அவங்களும் உங்களை மாதிரிதான். கூப்பிடுவாங்க, பேச மாட்டாங்க, வச்சிடுவாங்க. உங்களை மாதிரி எப்பவாவதுன்னு இல்லை. மாசம் தவறாது." அவர் போனைப் பார்த்து அந்த நம்பரின் கடைசி எண்களைப் படித்தார்.

முழு நம்பரும் தேவைப்படவில்லை அவளுக்கு. எத்தனை நம்பரை மனப்பாடமாக வைத்திருப்பவள். மெல்லத் திரும்பினாள்.

நாத்தனார் அடுத்த நாற்காலியில் மடியில் பையை வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த மங்கல் கண்ணுக்கே தெரிந்தது, அவள் படிக்கவில்லை என்று. காது சிவந்திருந்தது. பேச ஆள் இல்லாத போனுக்கு எதுக்கு ரீசார்ஜ் என்று கேட்டவள். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருஷம் மனசுக்குள் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டியிருக்கிறோமே என்று நினைத்தாள் அண்ணி. ஒரே வீட்டில், ஒருத்தி கடைக்குப் போகிற நேரம் பார்த்து இன்னொருத்தி.

போனை நாத்தனார் பக்கம் நீட்டினாள்.

"இந்தா. பேசு."

நாத்தனார் போனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் அவர் ஹலோ என்றது வெளியே கேட்டது. அவள் வைத்துவிடவில்லை. கவுண்டர் பெண் அடுத்தவரைக் கூப்பிட்டாள். யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவர் இன்னொரு தடவை ஹலோ என்றார்.

"அண்ணே" என்றாள் நாத்தனார்.

அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.